சுழலி (தூண்டில் இரை)

சுழலி அல்லது ஸ்பின்னர் என்பது தூண்டில் மீன்பிடிப்பில் பயன்படும் ஒருவகைச் செயற்கை இரை ஆகும். நீரில் இழுக்கப்படும்போது சுழலும் உலோகத் தகடே இதன் முதன்மையான உறுப்பு. தகட்டின் மினுமினுப்பும் அதிர்வும் சிறுமீன் ஒன்று நீந்துவது போன்ற உணர்வைத் தருவதால், பிற மீன்களை உண்டு வாழும் மீன்கள் இதனைக் கவ்வ முற்படுகின்றன. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய நன்னீர் மீன்களைப் பிடிக்க இது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜூலியோ புவெல் 1852 ஆம் ஆண்டில் கரண்டி வடிவ உலோக இரைக்குக் காப்புரிமம் பெற்றார். பிரெஞ்சுப் பொறியாளரான ஆந்த்ரே மெல்னார் 1938 ஆம் ஆண்டில் மெப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிச் சுழலிகளைத் தயாரித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவை அமெரிக்காவிலும் பரவின.

வகைகள்

சுழலிகள் இரு பெரும் வகைப்படும்.

* நேர்கம்பிச் சுழலி: தகடு, எடைக்கான உலோக உடல், முள் ஆகிய மூன்றும் ஒரே நேர்கம்பியில் அமைந்திருக்கும். பெரும்பாலும் மும்முள் பொருத்தப்படும். முள் வெளியே தெரிவதால் நீர்த்தாவரங்களில் எளிதில் சிக்கிக்கொள்ளும்.
* வளைகம்பிச் சுழலி: திறந்த ஊக்கைப் போல வளைந்த கம்பியைக் கொண்டது. மேற்கையில் ஒன்று அல்லது இரண்டு தகடுகளும், கீழ்க்கையில் உலோகத் தலை, ஒற்றை முள், ரப்பர் அல்லது சிலிக்கோன் குஞ்சம் ஆகியனவும் இருக்கும். மேற்கை முள்ளுக்குக் காப்பாக அமைவதால், மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவிலும் இதனை இழுக்கலாம்.

தகட்டின் வடிவம்

பாஸ் மீன் இரையை இரு வழிகளில் அறிகிறது. ஒன்று பார்வை. மற்றொன்று, உடலின் இருபுறமும் உள்ள பக்கக்கோடு எனும் உணர்வுறுப்பு. இது நீரின் அசைவுகளை உணர்கிறது. தகட்டின் வடிவமே இவ்விரண்டில் எது மிகுதியாகத் தூண்டப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

* கொலராடோ தகடு: வட்டமானது, குழிவானது. கம்பியிலிருந்து அகன்று சுழல்வதால் நீரின் தடை மிகுதி, அதிர்வும் மிகுதி. மெதுவாக இழுத்தாலும் சுழலும்.
* வில்லோ இலைத் தகடு: நீண்டு கூர்மையானது. கம்பியை ஒட்டி விரைவாகச் சுழலும். அதிர்வு குறைவு, மினுமினுப்பு மிகுதி. தடை குறைவாதலால் வேகமாக இழுத்தாலும் இரை எளிதில் மேலெழாது.
* இண்டியானா தகடு: நீள்வட்டமானது. மேற்கண்ட இரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புடையது.

தேர்ந்தெடுத்தல்

முதலில் நீரின் தெளிவைக் கருத்திற் கொள்ள வேண்டும். கலங்கிய நீரிலும் இரவிலும் மீனால் தொலைவு வரை பார்க்க இயலாது என்பதால், அதிர்வு மிகுந்த கொலராடோ தகடு ஏற்றது. தெளிந்த நீருக்கு வில்லோ இலைத் தகடு பொருந்தும்.

அடுத்தது நீரின் வெப்பநிலை. மீனின் உடல் வெப்பநிலை நீரைச் சார்ந்து மாறுவதால், குளிர்ந்த நீரில் பாஸ் மீன் மந்தமாக இருக்கும். விரைந்து செல்லும் இரையைத் துரத்தாது. எனவே குறைந்த வேகத்திலும் சுழலும் தகடு தேவைப்படுகிறது. வெதுவெதுப்பான நீரில் வேகமாக இழுக்கலாம்.

வளைகம்பிச் சுழலிகளில் 7 முதல் 14 கிராம் வரை எடையுள்ளவை பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானவை. ஆழமான நீருக்கும் பலத்த காற்றுக்கும் கூடுதல் எடை தேவை. குஞ்சத்தின் நிறம் இவற்றுக்கு அடுத்தபடியாகவே கருதப்படுகிறது. தெளிந்த நீரில் வெள்ளை, கலங்கிய நீரில் பச்சை கலந்த மஞ்சள் என்பது பொதுவான வழக்கம்.

பயன்படுத்தும் முறை

இரையை, மீன் மறைந்திருக்கக்கூடிய மரக்கட்டை, பாறை அல்லது நீர்த்தாவரத் திட்டைத் தாண்டி எறிந்து, அதனை ஒட்டி வருமாறு சீராக இழுக்க வேண்டும். தகடு சுழல்வதைக் கோலின் நுனியில் அதிர்வாக உணரலாம். அதிர்வு நின்றால் தகட்டில் பாசி சிக்கியிருக்கலாம், அல்லது மீன் கவ்வியிருக்கலாம். மரக்கட்டையில் மோதியவுடன் ஒரு கணம் இழுப்பதை நிறுத்தினால் இரை கீழே தாழும். பல வேளைகளில் மீன் அப்போதே கவ்வும். குளிர்காலத்தில் இரையை அடித்தரைக்குச் சற்று மேலாக மிக மெதுவாக நகர்த்துவர்.

நேர்கம்பிச் சுழலி தூண்டில் நரம்பை முறுக்கிவிடக்கூடியது. இதனைத் தவிர்க்க, இரைக்கு முன்னால் ஸ்விவெல் எனப்படும் சுழலும் இணைப்பைப் பொருத்த வேண்டும்.

சூழலியல் கவனங்கள்

பாஸ் மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் மீனே காவல் காக்கிறது. இளவேனிற் காலத்தில் கூட்டைக் காக்கும் ஆண் மீனைப் பிடித்தால், திரும்ப விடுவதற்குள் பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். இனப்பெருக்கக் காலத்தில் பாஸ் மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கும் பகுதிகளும் உள்ளன. மீனை விடுவிக்க எண்ணுவோர் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் காயம் குறையும்.

பல சுழலிகளின் எடைப்பகுதி ஈயத்தாலானது. அறுந்து விழுந்த ஈயத் துண்டுகளை விழுங்கும் லூன் எனும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. இக்காரணத்தால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலம் சிறிய ஈய எடைகளையும் ஈயத்தலை இரைகளையும் தடை செய்துள்ளது. டங்ஸ்டன், எஃகு, வெள்ளீயம் ஆகியன மாற்றாகப் பயன்படுகின்றன.

தாயகத்திற்கு வெளியே பாஸ் மீன் உள்நாட்டு மீனினங்களை அழிக்கக்கூடியது. 1925 ஆம் ஆண்டில் ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெருவாய் பாஸ், 2005 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டப்படி ஊறு விளைவிக்கும் அயல் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பீவா ஏரியில் பிடித்த பாஸ் மீனைத் திரும்ப நீரில் விடுவதற்குத் தடை உள்ளது. ஆகவே, பிடித்த மீனை விடுவிப்பது ஓரிடத்தில் நற்பழக்கமாகவும் மற்றோரிடத்தில் விதிமீறலாகவும் அமைகிறது.