‘ஹீ’யை அடித்து ‘ஷீ’

இன்னைக்கு ஒரு சர்டிஃபிகேட்ல இருந்து ஆரம்பிக்கலாம். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்த ஏ. லலிதாவுடையது. அதில் ‘ஹீ’ என்று அச்சாகியிருந்ததை அடித்து, ‘ஷீ’ என்று திருத்திக் கொடுத்தார்கள். ஒரு பெண் படித்து முடிப்பாள் என்று அந்த ஃபார்மை அச்சடித்தவங்க யோசிக்கவே இல்லை!

லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. மேலே படிக்கணும்னு முடிவெடுத்தார். டாக்டர் படிப்பு வேண்டாம் என்றார். நடுராத்திரி குழந்தையை விட்டுட்டு ஓட முடியாதே.

அப்பா சுப்பா ராவ் அதே கிண்டியில் பேராசிரியர். அவர் பேசித்தான் 1940-இல் இடம் கிடைத்தது. பிறகு லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா இருவரும் சிவிலில் சேர்ந்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வடிவமைப்பில் வேலை செய்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார்.

எனக்கு உறுத்துறது இதுதான். 15 வயசுல கட்டிக்கொடுத்ததும், காலேஜுக்கு அனுப்பினதும் ஒரே குடும்பம். லலிதாவோட உழைப்பு அவரோடதுதான். ஆனா அப்பா அந்தக் காலேஜ்ல இல்லாம இருந்திருந்தா? அப்படிப்பட்ட அப்பா இல்லாத இளம் விதவைகள் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே இருந்துட்டாங்க?

இந்த வாரம் உங்க பாட்டிகிட்ட கேளுங்க: என்ன படிக்க ஆசைப்பட்டாங்க, யார் நிறுத்தினாங்கன்னு.