பண்டத்தரிப்பு வட்டாரத்தில் கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டு

பண்டத்தரிப்பு என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வடகடலுக்கு அண்மையில் அமைந்துள்ள பழைய ஊர் ஆகும். சில்லாலை, மாதகல், இளவாலை ஆகிய அயலூர்களோடு சேர்த்து நோக்கும்போது, சைவ மக்கள் பெரும்பான்மையாக வாழும் குடாநாட்டில் கத்தோலிக்க மறை நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் வட்டாரங்களுள் இது ஒன்றாக விளங்குகின்றது. இம்மக்களின் சமய வாழ்வை ஒழுங்குபடுத்துவது திருவழிபாட்டு ஆண்டு எனப்படும் காலச் சுற்றாகும். கிறிஸ்துவின் பிறப்பு, பாடுகள், உயிர்ப்பு ஆகியவற்றை ஓர் ஆண்டுக்குள் வரிசையாக நினைவுகூர்ந்து, அவற்றுக்கேற்ப நோன்பையும் விழாவையும் மாற்றிக்கொள்ளும் இந்த ஒழுங்கு, திருவருகைக் காலத்தில் தொடங்கி, கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா, பெந்தக்கோஸ்து என்று சென்று, மரித்தோரை நினைக்கும் நவம்பர் மாதத்தோடு நிறைவடைகின்றது. உலகெங்கும் ஒன்றாக உள்ள இந்த ஒழுங்கு, இவ்வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தடைக்கு உட்பட்டிருந்ததும், அத்தடையின் போது வீடுகளாலும் பொதுநிலை மக்களாலும் காக்கப்பட்டதுமே இதன் வரலாற்றுக்குத் தனித்தன்மையை அளிக்கின்றன.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றி, 1619இல் யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த பின்னர், பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் குடாநாட்டைப் பங்குகளாக, அதாவது ஒரு கோவிலையும் அதற்குரிய மக்களையும் கொண்ட பிரிவுகளாக வகுத்தனர். வலிகாமத்தில் இருந்த பதினான்கு கோவிற்பற்றுகளுள் பண்டத்தரிப்பும் ஒன்று என்பதை, ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைப் போதகராகப் பின்னர் இங்கு பணியாற்றிய பிலிப்புஸ் பல்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலால் அறியலாம். கோவில் மணியும் திருநாள் பவனியும் ஞாயிறு ஓய்வும் ஊர் வாழ்வின் பகுதிகளானது இக்காலத்தில்தான். மதமாற்றங்கள் எல்லாம் மனமொப்பி நிகழ்ந்தவை என்று கூற இயலாது. ஆட்சியாளரின் மறை என்பதால் ஏற்றவர்கள் பலர். ஆனால் அந்த ஆட்சி நான்கு பதிற்றாண்டுகளுக்குள் மறைந்த பின்னரும் அம்மறையை விடாதிருந்தவர்களைப் பற்றி அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. திருமணமும் பிறப்பும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமாயின் அச்சபையின் பதிவேட்டில் ஏறவேண்டும் என்ற நிலையில், கத்தோலிக்கர் பலர் வெளியே ஒரு சபையினராகவும் வீட்டுக்குள் வேறொரு சபையினராகவும் வாழ நேர்ந்தது. இந்த இரட்டை வாழ்வில் திருவழிபாட்டு ஆண்டு ஏற்ற பங்கு கவனத்துக்குரியது. கிறிஸ்து பிறப்பையும் உயிர்ப்பையும் ஒல்லாந்தரும் கொண்டாடினர். அவர்களும் கிரகோரியன் நாட்காட்டியையே பின்பற்றியமையால் உயிர்த்த ஞாயிறு இரு சாராருக்கும் ஒரே நாளில் வந்தது. ஆனால் நாற்பது நாள் தவக்காலம், வெள்ளிதோறும் ஊனுணவை விலக்கும் சுத்தபோசனம், ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் ஒருசந்தி, மாதாவின் திருநாள்கள், புனிதர்களின் நினைவு நாள்கள், மரித்தோருக்கான மன்றாட்டு ஆகிய எவற்றையும் சீர்திருத்தச் சபை ஏற்கவில்லை. ஆகவே ஒரு வீடு கத்தோலிக்க வீடுதானா என்பதை அறிவித்தது அதன் அடுப்பும் அந்தியில் ஓதப்படும் செபமாலையுமே எனலாம். குருவின்றித் திருப்பலி நிறைவேற்ற முடியாது. நோன்புக்கும் செபத்துக்கும் குரு வேண்டியதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையான குருக்கள் இல்லாதிருந்த நிலையிலும் மறை அழியாமற் போனதற்கு இந்த வேறுபாடே முதற் காரணமாகும்.

கோவாவின் பெனோலிம் ஊரில் 1651இல் பிறந்த ஒறற்றோரியன் சபைக் குருவான யோசப் வாஸ், இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, 1687இல் கூலியாள் வேடத்தில் கடல்கடந்து, கடும் நோயோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பால் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பது அவரது வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. பண்டத்தரிப்பை அடுத்துள்ள சில்லாலையே அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்தபடி அவர் இரவுகளில் ஊரூராகச் சென்று திருப்பலி நிறைவேற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருமணங்களைச் சீர்ப்படுத்தினார். அச்செய்தி ஆட்சியாளருக்கு எட்டியபோது அவர்கள் சோதனைக்குத் தெரிந்தெடுத்தது நத்தார் எனப்படும் கிறிஸ்து பிறப்பு இரவையே. தடையை மீறி மக்கள் கூடும் இரவு எது என்பதை அடக்குவோரும் அறிந்திருந்தனர். பலர் சிறைபிடிக்கப்பட்டனர், வாஸ் தப்பி, 1690 அளவில் புத்தளத்துக்கும் பின்னர் கண்டி இராச்சியத்துக்கும் சென்று, 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற அமைப்புதான் அவரினும் நீண்டகாலம் உழைத்தது. ஒவ்வோர் ஊரிலும் கோவிற் காரியங்களைப் பார்க்கும் மூப்பர், செபங்களை முன்னின்று ஓதி மறைபோதிக்கும் அண்ணாவியார் ஆகிய பொதுநிலைப் பணியாளர்களை அவர் நிலைநிறுத்தினார். குரு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே வரக்கூடிய ஊரில், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டியதும், சாகும் நிலையிலிருந்தோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், நோன்பு தொடங்கும் நாளைச் சொன்னதும் இவர்களே. திருச்சபை வரலாற்று நூல்கள் குருக்களின் பெயர்களை நிறையப் பதிந்துள்ளன. மூப்பர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதியப்படாமலே போயின. இது வரலாற்றெழுத்தின் பெருங்குறையாகும்.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் மற்றொரு கோவாக் குரு, தமிழிலும் சிங்களத்திலும் தேர்ந்து, இம்மக்களின் கையில் நூல்களைக் கொடுத்தார். அவர் இயற்றிய வியாகுல பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய உரைத்தொகுப்பாகும். தவக்காலத்தில் இதனை ஒப்பாரியின் சாயலில் இழுத்து நீட்டி வாசிக்கும் வழக்கம் யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கரிடையே பரவிற்று. வாசிக்கக் கற்றவர் ஒருவர் இருந்தால் போதும், ஊர் முழுவதும் பெரிய வியாழனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய தியானத்தைப் பெற்றுவிடும். ஆகவே இது தமிழ் உரைநடை இலக்கியத்தில் இடம்பெறும் தகுதியோடு, குருவற்ற ஊர்களுக்கென ஆக்கப்பட்ட வழிபாட்டுக் கருவி என்ற தகுதியும் உடையது.

பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் தடைகள் தளர்ந்தன. 1806இல் ஆளுநர் மெய்ற்லன்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். எனினும் பண்டத்தரிப்பின் பழைய கோவில் கத்தோலிக்கரிடம் மீளவில்லை. அமெரிக்க மிசன் என்னும் புரட்டஸ்தாந்து மறைபரப்பு அமைப்பு அதனைத் தன் நிலையமாக்கிக்கொள்ள, 1820இல் மருத்துவர் ஜோன் ஸ்கடர் அங்கு குடியேறி மருத்துவப் பணியையும் போதனையையும் தொடங்கினார். 1834இல் இலங்கை தனி அப்போஸ்தலிக்க விக்காரியாத்து ஆயிற்று. அதாவது, திருத்தந்தையின் பதிலாளரான ஆயர் ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணம் அதிலிருந்து பிரிந்தது. 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் பங்குகளையும் பள்ளிகளையும் ஒழுங்குபடுத்தினர். 1886இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமானபோது, வீட்டுக்குள் காக்கப்பட்ட ஆண்டுச் சுற்று மீண்டும் வீதிக்கு வந்து, கொடியேற்றம், நவநாள் எனப்படும் ஒன்பது நாட் செபம், திருநாளுக்கு முந்திய மாலையின் வேஸ்பர் ஆராதனை, திருச்சொரூபப் பவனி ஆகியவற்றோடு கூடிய பொதுவிழாவாக வளர்ந்தது. கொடியேற்றத்தைச் சைவக் கோயில் மரபோடு இணைத்துக் காண்பது எளிது. ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் விழாவின் இலக்கணத்தைப் பகிர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

இச்சுற்று குடாநாட்டின் பருவங்களோடு பொருந்தும் முறை தனியே விளக்கத்தக்கது. திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம், வடகீழ்ப் பருவமழையில் வருகின்றது. வயல்களில் நெல் பசுமையாக நிற்க, வீடுகளில் பாலன் குடிலுக்குரிய வேலைகளும் பாடசாலைகளில் ஒளிவிழாவும் நடைபெறுகின்றன. ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாளும், பிப்ரவரி 2இல் மெழுகுதிரிகளை மந்திரிக்கும் திருநாளும் அறுவடைக் காலத்தோடு இணைகின்றன. பின்பு மழை ஓய்ந்து கிணற்று நீரால் தோட்டம் செய்யும் வறண்ட நாள்களில் விபூதிப் புதன் வருகின்றது. முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெற்ற சாம்பலைக் குருவானவர் நெற்றியில் பூசும் இந்நாளிலிருந்து திருமணங்கள் நிறுத்தப்படுகின்றன, வீட்டு விழாக்கள் ஒதுக்கப்படுகின்றன, வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறுகின்றது. விரதத்தை அறிந்த சைவ அயலவருக்கு ஒருசந்தியும் சுத்தபோசனமும் விளக்கம் வேண்டாதவை.

தவக்காலத்தின் இறுதி வாரமே இம்மக்கள் தம் கலையையும் துயரையும் முழுதாகச் செலுத்தும் காலம். குருத்து ஞாயிறன்று தென்னங்குருத்தோலைகளோடு பவனி. பெரிய வியாழன் இரவு நற்கருணையின் முன் குடும்பம் குடும்பமாக முறைவைத்து விழித்திருத்தல். அன்று ஓய்ந்த மணி உயிர்ப்பு வரை ஒலிக்காதிருக்க, அதற்குப் பதில் மரக்கட்டையால் எழுப்பும் ஓசை. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டவரின் சொரூபத்தைத் தாங்கிய ஆசந்தியின் பின்னே, மரணவீட்டுக்குச் செல்வதுபோல் செல்லும் மக்கள். ஆசந்தி என்பது இறந்தோரைச் சுமக்கும் பாடை போன்ற அமைப்பு. பாடுகளைச் சொரூபங்களின் அசைவால் காட்டும் உடக்குப்பாஸ் மன்னார்ப் பேசாலையில் புகழ்பெற்றது. யாழ்ப்பாணத்தில் இம்மரபின் புதிய வாரிசாக, நீ. மரியசேவியர் அடிகளால் 1965இல் தொடங்கப்பட்ட திருமறைக் கலாமன்றம் தவக்காலங்களில் திருப்பாடுகளின் காட்சியைப் பெருமேடையில் நிகழ்த்தி வந்தது.

உயிர்ப்புக்குப் பிந்திய மாதங்களைப் பக்தி முயற்சிகள் நிரப்புகின்றன: மே மாதம் மாதாவுக்கும், ஜூன் மாதம் இயேசுவின் திருஇருதயத்துக்கும், ஒக்ரோபர் மாதம் செபமாலைக்கும் உரியவை. ஜூலை 2ஆம் நாளும் ஓகஸ்ட் 15ஆம் நாளும் மடு மாதா தலத்தின் திருநாள்கள். ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு காட்டுக்குள் சென்ற குடும்பங்களால் 1670இல் உருவான அத்தலத்துக்கு, குடாநாட்டுக் குடும்பங்கள் மாட்டுவண்டிகளில் அரிசியும் பாத்திரங்களும் ஏற்றிச் சென்று, காட்டு மரங்களின் கீழ்த் தங்கியிருந்தன. நவம்பர் மாதத்தில், மழை தொடங்கிய பின், சேமக்காலைகளில் கல்லறைகள் துப்புரவு செய்யப்பட்டு, மெழுகுதிரி ஏற்றப்பட்டு, உத்தரிக்கிற ஸ்தலத்தில் உள்ள ஆன்மாக்களுக்காக மன்றாடப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்கள் இரு திசைகளிலிருந்து வந்தன. உரோமையிலிருந்து வந்தவை ஒருவகை. 1955ஆம் ஆண்டின் சீர்திருத்தம், சனி காலையில் நடத்தப்பட்டு வந்த பாஸ்காத் திருவிழிப்பை இரவுக்கே மீட்டுக் கொடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் ஏற்ற திருவழிபாட்டு ஆவணத்தைத் தொடர்ந்து இலத்தீனின் இடத்தில் தமிழ் வந்தது. 1970இல் நடைமுறைக்கு வந்த புதிய நாட்காட்டி, தவக்காலத்துக்கு முந்திய ஆயத்த ஞாயிறுகளை நீக்கியது. தாய்மொழி வழிபாடு பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் நோன்பு விதிகள் தளர்த்தப்பட்டபோது, ஒல்லாந்தர் காலத்தில் மறையைக் காத்த அதே ஒருசந்தியும் சுத்தபோசனமும் வீடுகளில் மெலிந்தன என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். நாட்டிலிருந்து வந்தவை மறுவகை. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையானதால் மறைக்கல்வியின் பாரம் பங்குகளுக்கும் பெற்றோருக்கும் மாறிற்று. 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாள், அதாவது சந்திரனின் நிலைகளைச் சார்ந்த பௌத்தப் புனித நாள், வார விடுமுறையாக்கப்பட்டதால், ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளாயிற்று. கடன் நாளான ஞாயிறுத் திருப்பலியை வேலைக்கு முன்போ பின்போ நிறைவேற்றும் நெருக்கடி எழுந்தது.

பின்னர் மூண்ட உள்நாட்டுப் போர் இச்சுற்றை வேறெதுவும் செய்யாத அளவு குலைத்தது. 1995 ஜூலை 9இல், இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த நவாலிப் புனித இராயப்பர் ஆலய வளாகம் குண்டுவீச்சுக்கு உள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஏறத்தாழ ஒரே இரவில் வெளியேறியபோது, பண்டத்தரிப்பு வட்டார மக்களும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். அவ்வாண்டின் நத்தாரும் அடுத்த தவக்காலமும் அன்னியர் முற்றங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கழிந்தன.

மீண்டு வந்தவர்களுக்கு 2015 ஜனவரி 14 ஒரு பெருநாளாயிற்று. அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், யோசப் வாஸ் அடிகளைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவரது இறப்பு நாளான ஜனவரி 16 இப்போது தைப்பொங்கலை அடுத்து வரும் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. மறுபுறம், புலம்பெயர்ந்தோர் தம் நாட்காட்டியையும் உடன் கொண்டு சென்றனர். மடுத் திருநாளுக்கு வர இயலாதவர்கள் ஜெர்மனியின் கெவலார் மாதா தலத்தில் ஓகஸ்ட் மாதத்தில் திரள்கின்றனர். இங்கிலாந்தில் வோல்சிங்கம் தலத்தில் ஜூலை மாதத்தில் தமிழ்த் திருப்பயணம் நிகழ்கின்றது. இக்கூட்டங்களில் சைவத் தமிழரும் நேர்த்திக்கடனோடு கலந்துகொள்கின்றனர்.