நேருவின் கூழாங்கல், ஜவ்வாது மலையின் கோடரி

இன்னைக்கு ஒரு குழந்தைகள் புத்தகத்தைப் பத்திப் பேசலாம். ஆனா அதை ஜவ்வாது மலையில வச்சுப் பேசப்போறோம். ஏன்னு போகப்போகப் புரியும்.

1928 கோடைக்காலம். 10 வயசு இந்திரா முஸ்ஸோரி மலையில இருக்காங்க. அப்பா நேரு கீழே அலகாபாத்தில. கேள்வி மேல கேள்வி கேட்கிற பொண்ணு பக்கத்துல இல்லை, அதனால கடிதம் எழுத ஆரம்பிக்கிறார். அந்தக் கோடையில எழுதின 30 கடிதங்கள் 1929ல் புத்தகமா வந்துச்சு. 1931ல் அதை இந்திக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? பிரேம்சந்த்!

முதல் கடிதத்துல ராஜாவும் இல்லை, போரும் இல்லை. ஒரு கூழாங்கல்தான் இருக்கு. அது ஏன் இவ்வளவு வழவழப்பா, உருண்டையா இருக்குன்னு கேட்கிறார் நேரு. பாறையிலிருந்து உடைஞ்சு, ஆத்துல உருண்டு உருண்டு வந்த கதையை அந்தக் கல்லே சொல்லுதுன்னு மகளுக்குப் புரியவைக்கிறார். வெள்ளைக்காரன் ஆட்சியில, பட்டம் சூடியவர்களின் பட்டியலைப் போடாம கல்லுல ஆரம்பிச்சாரே, இந்தப் புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

இப்போ ஜமுனாமரத்தூர் பக்கம் வாங்க. ஜவ்வாது மலை ஊர்கள் சிலதுல, மரத்தடியில வழவழப்பான சின்னக் கற்களை வச்சுக் கும்பிடறாங்க. கையில எடுத்துப் பார்த்தா ஒரு முனை மட்டும் கூர்மை. அதை வழவழப்பாக்கியது ஆறு இல்லை, மனுஷன். புதிய கற்காலக் கைக்கோடரி அது, 3,000 வருஷத்துக்கும் மேல பழசு. உழும்போது கிடைச்ச அபூர்வக் கல்லைச் சாமியாக்கிட்டாங்க. அதனாலயே அது தொலையாமலும் இருக்கு.

அந்தக் காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தாங்க? திருப்பத்தூர் பக்கத்துல பையம்பள்ளியில 1960கள்ல தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. தரையில குழி வெட்டிக் கட்டின குடிசைகள் இருந்த தடயம் கிடைச்சுது. கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைச்சுது. (ஆமாங்க, நம்ம வீட்டு கொள்ளு ரசத்துக்கு அவ்வளவு வயசு.)

மலையில இன்னைக்கு வாழ்றவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடியினர். பேரைப் பார்த்து கேரளான்னு நினைச்சுடாதீங்க, தமிழ் பேசுறவங்க. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம்னு அவங்ககிட்ட ஒரு வாய்மொழிக் கதை இருக்கு. அப்போ கோடரி செஞ்சவங்க வேற ஆட்களா? இருக்கலாம். அங்க இருக்கிற கல்திட்டைகளைக்கூட 'குள்ளர் வீடு'ன்னுதான் சொல்றாங்க, எங்க தாத்தா வீடுன்னு சொல்றதில்லை.

நேரு புத்தகத்துல எனக்கு ஒரு மனக்குறை இங்கதான். கல்லுல ஆரம்பிச்ச கதை, ஆதிமனிதன், விவசாயம், அரசர்கள்னு நகர்ந்து கடைசியில ஆரியர் வருகை, ராமாயணம், மகாபாரதம்னு முடிஞ்சுடுது. திராவிடர் பத்திச் சொல்றார்தான். ஆனா கடைசிக் கடிதத்துக்கு வரும்போது கங்கைச் சமவெளிதான் இந்தியான்னு ஒரு குழந்தைக்குத் தோணிடும். கூழாங்கல்லைப் படிக்கச் சொன்னவரே, பெரிய காவியம் வந்ததும் கல்லைக் கீழே வச்சுட்டார்.

கீழே வைக்காம இருந்திருந்தா என்ன கிடைச்சிருக்கும்? மலைக்குக் கீழே செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். எடுத்தனூர்ல ஒண்ணு, பல்லவர் காலத்தது. எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்திக்காக நட்ட கல். அதுல அவனோட ஒரு நாயும் இருக்கு. ரெண்டு திருடர்களைக் கடிச்சுக் காவல் காத்ததாம். அந்த நாய்க்குத் தனியா எழுத்தும் வெட்டி, பேரையும் போட்டிருக்காங்க: கோவிவன்.

10 வயசுக் குழந்தைகிட்ட அசோகர் பேரையும் இந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க. மறுநாள் எதைக் கேட்குதுன்னு எனக்கு எழுதுங்க.