யூனிவர்சிட்டி 101: ஒரு பாடம் ஒப்புதல் வாங்கிய கதை

அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 'யூனிவர்சிட்டி 101' என்றொரு பாடம் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் செமஸ்டரில் நடக்கும் சிறு வகுப்பு அது. நூலகத்தில் தேடுவது, பேராசிரியரிடம் போய்ப் பேசுவது, பிறர் எழுத்தைத் திருடாமல் கட்டுரை எழுதுவது, வீட்டை விட்டு வந்த பதினெட்டு வயதைச் சமாளிப்பது என்று பலதும் அதில் உண்டு. இவ்வளவு சாதுவான பாடத்தின் பிறப்புக்குக் காரணம் ஒரு கலவரம்.

1970 ஏப்ரல் 30 அன்று, கம்போடியாவுக்குள் படை அனுப்புவதாக அதிபர் நிக்சன் அறிவித்தார். மே 4இல் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். கொலம்பியா நகரிலிருக்கும் தென் கரோலினா வளாகமும் கொதித்தது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் தாமஸ் ஜோன்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டார். கண்ணீர்ப்புகை, துப்பாக்கி ஏந்திய படை என்று அந்த மே மாதம் கழிந்தது.

ஜோன்ஸ் ஒரு மின்பொறியாளர். பழுதானால் எங்கே பழுது என்று தேடுகிற புத்தி. கூடுதல் போலீஸ் கேட்டுவிட்டு நிற்காமல், தாங்கள் படிக்கும் இடத்தின் மேல் இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் ஒட்டுதலே இல்லை என்று அவர் கேட்டார். ஆசிரியர்கள் மாணவர்களை நடத்தும் விதத்திலும் கோளாறு இருக்கிறது என்பது அவர் கண்ட விடை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக ஒரு பாடத்தை வைக்க நினைத்தார்.

நினைத்தால் போதுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர் கட்டடம் எழுப்பலாம், கால்பந்துப் பயிற்சியாளரைப் பல லட்சம் டாலருக்கு அமர்த்தலாம். பட்டத்துக்குக் கணக்காகும் ஒரு பாடத்தைச் சேர்க்க மட்டும் அவர் ஆசிரியர்களிடம்தான் போய் நிற்கவேண்டும். துறைக் குழு, பாடத்திட்டக் குழு, கடைசியில் ஆசிரியர் செனட் என்று கோப்பு படியேறும். எந்தப் படியிலிருந்தும் கீழே உருண்டு வரலாம்.

போதாக்குறைக்கு, இந்தப் பாடத்தின் குலப்பெருமையும் சரியில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 1888லேயே புதியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தியது. ஆரிகனின் ரீட் கல்லூரி 1911இல் அதற்குக் கிரெடிட்டும் கொடுத்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இத்தகைய வகுப்புகள் நாடெங்கும் பரவின. 1960களுக்குள் பெரும்பாலும் செத்தும் போயின. கொன்றவர்கள் ஆசிரியர்களே. குறிப்பெடுப்பதையும் பழக்கவழக்கத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வேதியியலுக்கு நிகராகக் கிரெடிட் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை வறட்டுக் கௌரவம் என்று நான் தள்ளமாட்டேன்.

ஏனென்றால் கிரெடிட் என்பது அங்கே காசு மாதிரி. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு, ஏறக்குறைய பதினைந்து வாரம்: இதுதான் ஒரு கிரெடிட். வழக்கமாக இருந்த இந்தக் கணக்கைப் பின்னாளில் மத்திய அரசே விதியாக எழுதிவைத்தது. யூனிவர்சிட்டி 101க்கு மூன்று கிரெடிட். அப்படியானால் 45 மணி வகுப்புக்கு மேல் இன்னும் 90 மணி நேரம் மாணவர் எதைப் படிப்பார், எதை எழுதுவார் என்று குழு கேட்கத்தான் செய்யும். 'தன்னம்பிக்கை வளரும்' என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். எந்தத் துறையின் பாடம் இது? ஆசிரியர் பட்டமேற்படிப்பில் அந்தத் துறையில் 18 கிரெடிட்டாவது முடித்திருக்க வேண்டும் என்பது அந்தப் பகுதியின் தர அங்கீகாரக் குழு வைத்திருக்கும் அளவுகோல். துறையே இல்லாத பாடத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? இன்றும் 'முதலாண்டு செமினார்' எனப்படும் இத்தகைய பாடங்களின் கோப்புகள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

ஜோன்ஸ் இந்தத் தடையைக் கடந்த விதத்தில் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தைத் திரட்டினார். பாடத்தை ஒரு சோதனையாகவே முன்வைத்தார். அதை நடத்த விரும்பும் பேராசிரியர்கள் முதலில் ஒரு பயிற்சிப் பட்டறையில் தாங்களே மாணவர்களாக உட்கார்ந்தாக வேண்டும் என்றார். பெரும் விரிவுரை அரங்குகளில் தலை நிமிராமல் பேசிப் பழகியவர்கள் வட்டமாக அமர்ந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்கள். பட்டறையில் உட்கார்ந்து எழுந்தவர்களே பாடத்துக்காக வாதாடும் ஆட்களானார்கள். எதிர்ப்பாளர்களைத் தேடி ஓடுவதைவிட இது நல்ல அரசியல். 1972இல் வகுப்பு தொடங்கியது.

1974இல் ஜோன்ஸ் பதவி விலகினார். ஆதரித்தவர் போனால் அவர் தொடங்கிவைத்ததும் போவது பல்கலைக்கழக வழக்கம், இது போகவில்லை. வரலாறு கற்பித்துவந்த ஜான் கார்ட்னர் இதன் இயக்குநராகி 1999 வரை இருந்தார். பால் ஃபிட்லர் என்ற ஆய்வாளர் ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்: பாடத்தை எடுத்தவர்கள் இரண்டாமாண்டுக்குத் திரும்பி வரும் விகிதம் எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. விரும்பி எடுக்கும் பாடம் என்பதால் அக்கறையுள்ளவர்களே அதில் சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நிர்வாகங்களுக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவாக உறுத்தவில்லை. பாதியில் போகும் ஒவ்வொரு மாணவரோடும் மூன்றாண்டுக் கட்டணமும் போகிறது அல்லவா? 1982இல் கொலம்பியாவில் இதற்கென்றே ஒரு மாநாடு, 1986இல் ஒரு தேசிய மையம் என்று பாடம் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது.

ஹார்வர்டு வேறு வழியில் போயிருந்தது. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் அங்கே பட்டம் முடிக்காமல் வெளியேறியவர். முதலாண்டிலேயே மாணவரை அசல் ஆராய்ச்சியில் இறக்கிவிட வேண்டும் என்று 1957இல் எம்.ஐ.டி.யில் பேசினார். அவர் கொடுத்த பணத்தில் 1959இல் ஹார்வர்டு, பேராசிரியரைச் சுற்றிச் சில மாணவர்கள் மட்டும் அமரும் செமினார்களைத் தொடங்கியது. வாழ்க்கைத் திறன் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு செமினாருக்கும் ஒரு தலைப்பு, அதில் ஆழ்ந்த வாசிப்பு. பல சிறு கல்லூரிகள் இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டன. அங்கே குழுவின் கேள்விகளும் மாறின: எத்தனை கட்டுரை, எத்தனை முறை திருத்தி எழுதவைப்பீர்கள், முன்னறிவு இல்லாத மாணவர் இதைத் தொடர முடியுமா? தன் முனைவர் பட்ட ஆய்வையே சுருக்கி முதலாண்டுப் பாடம் என்று அனுப்பும் பேராசிரியர்களைத் தடுக்க இந்தக் கடைசிக் கேள்வி நன்றாக உதவும்.

விரைந்து ஒப்புதல் பெற்ற கதையும் ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூ.சி.எல்.ஏ., சில வாரங்களுக்குள் ஐம்பது செமினார்களைத் திறந்தது. மருத்துவர், சட்ட அறிஞர், வரலாற்றாசிரியர் என்று ஆளுக்கொரு கோணத்தில் அந்த நிகழ்வைப் பேசினார்கள். அவை 'ஃபியட் லக்ஸ்' என்ற பெயரில் பிறகும் தொடர்ந்தன. அங்கே கிரெடிட்டை யூனிட் என்பார்கள்; இவற்றுக்கு ஒரே யூனிட், தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டுமே மதிப்பீடு. பந்தயம் சிறிதாக இருந்தால் கையெழுத்துகளும் சீக்கிரம் விழும் போலிருக்கிறது.

மூன்று கிரெடிட் கேட்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. செனட் கைதூக்கிய பிறகும் பதிவாளர் எண் கொடுக்கவேண்டும், வட்டமாக நாற்காலி போடக்கூடிய அறை கிடைக்கவேண்டும். காலை எட்டு மணிக்கு வகுப்பை ஒதுக்கிவிட்டால் புதிய மாணவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். போதிய ஆள் சேராவிட்டால் துறைத்தலைவரே ஒரு மின்னஞ்சலில் அந்த வகுப்பை ரத்துசெய்துவிடுவார். அதற்கு எந்தக் குழுவும் கூடவேண்டியதில்லை.