கிழவியின் பல் முதல் மின் ரவுட்டர் வரை

ரவுட்டர் என்றதும் இப்போது இன்டர்நெட் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது தச்சர்களின் ரவுட்டரை. மயிலையிலோ தி.நகரிலோ பக்கத்து ஃபிளாட்டில் மரவேலை நடந்தால் காதைப் பிளக்குமே, அதுதான். பலகையில் காடி எடுக்க, கீல் பதிக்கப் பள்ளம் தோண்ட, விளிம்பை உருட்ட என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

அதன் மூதாதைக்கு மின்சாரம் கிடையாது. ஒரு மரக்கட்டை, அதன் நடுவில் கீழே துருத்தி நிற்கும் உளி, அவ்வளவுதான். கொத்திய பள்ளத்தின் அடியை ஒரே ஆழமாகச் சமன் செய்யும். ஆங்கிலேயத் தச்சர்கள் அதைக் 'கிழவியின் பல்' என்றார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். அம்மொழியில் அது 'கிம்பார்ட்'. மோர்சிங்குக்கும் அதே பெயர், ஓட்டைக் காருக்கும் அதே பெயர்! 1884-இல் காப்புரிமை பெற்று ஸ்டான்லி கம்பெனி இரும்பில் செய்த 71-ஆம் எண் கருவியும் இந்த இனம்தான்.

முதல் உலகப்போர்க் காலத்தில் நியூயார்க் மாநிலத்துக்காரர் ஆர்.எல்.கார்ட்டர், முடிதிருத்துவோரின் மின் கத்தரியிலிருந்த பாகத்தை மோட்டாரோடு பொருத்தி, கையில் பிடிக்கும் மின் ரவுட்டரைச் செய்தார் என்பார்கள். 1929-இல் அவர் தொழிலை ஸ்டான்லி வாங்கியது. வேகம் வந்தது, ஆனால் பிட் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பலகையின் நடுவில் இறக்க வேண்டுமானால் சுழலும் மெஷினைச் சாய்த்து இறக்க வேண்டும். 1949-இல் ஜெர்மனியின் எலு கம்பெனி இதற்கு வழி செய்தது: இரண்டு கம்பங்கள், உள்ளே ஸ்பிரிங். அழுத்தினால் பிட் இறங்கும், விட்டால் தானே ஏறிக்கொள்ளும். நல்ல ரவுட்டருக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். வைத்த ஆழம் அதிர்வில் நழுவாமல் நிற்கவும் வேண்டும்.

அடுத்தது வேகத்தைக் குறைக்கும் வசதி. 24,000 சுற்றில் 2 அங்குல பிட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. பெரிய பிட்டுக்கு அதில் பாதி போதும்.

குதிரைத்திறனைப் பற்றிக் கடைக்காரர் நிறையவே சொல்வார். அவர் சொல்லாதது காலட் சமாசாரம். காலட் என்பது பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாய். மீட்டரை உலகுக்குத் தந்தது பிரெஞ்சுக்காரர்கள். நம் ஆசாரிகளோ இன்னும் அடி, அங்குலம்தான். கடையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். அந்தக் காலட்டில் 6 மில்லிமீட்டர் தண்டைப் போட்டு முடுக்கினால் பிடித்தது போலத்தான் தெரியும். வேலை நடுவே பிட் நழுவி இறங்கித் தேக்குப் பலகையைப் பாழாக்கும், அல்லது தெறித்துக் கையைப் பதம் பார்க்கும். அரை அங்குலத்துக்கும் 12 மில்லிமீட்டருக்கும் இதே கதை. ஆகவே இரண்டு அளவிலும் காலட் உள்ள மெஷினே உத்தமம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருவது 120 வோல்ட் மெஷின். நம் 230-இல் செருகினால் புகைதான்.

பிட்டைப் பொருத்தும்போது அடியில் முட்டும்வரை தள்ளி, பிறகு நூலளவு மேலே இழுத்து முடுக்க வேண்டும். முட்டியபடியே முடுக்கினால் காலட் சரியாக இறுகாது.