பெருந்தோட்ட வைத்தியமும் தொழிற்சங்கங்களும்: பூண்டுலோயாவை முன்வைத்து ஒரு நோக்கு

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலை மலைகளினிடையே அமைந்த சிற்றூர் பூண்டுலோயா. டன்சினன், சீன் முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இத்தகைய தோட்டமொன்றில் நோயுற்றவரைப் பராமரிப்பது யார் கடமை என்னும் வினா, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே எழுந்துவிட்டது.

1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதற்கு ஒரு விடையாக வந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. லயன்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயாளர் பற்றி மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளித்தல் என்பன தோட்டத்துரையின் கடமைகளாயின. ஆயினும் சட்டத்தின் கவனம் கட்டடத்திலும் மருந்திலுமே பெரிதும் நின்றது. பராமரிக்கும் கைகளின் தொகை தோட்ட நிர்வாகத்தின் செலவுக் கணக்குக்கு விடப்பட்டது. கணக்கு எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. தொழிலாளர் 'டாக்டரையா' என அழைத்த டிஸ்பென்சர் ஒருவரும் அவருக்குத் துணையாக ஒரு மருத்துவமாதும் என்பதே பல தோட்டங்களின் நிலையாயிற்று. பயிற்சி பெற்ற தாதியைக் காண்பது அருமை.

இக்குறையைத் தொழிற்சங்கங்கள் எவ்வாறு எதிர்கொண்டன? டிஸ்பென்சர் தோட்ட உத்தியோகத்தர். அவரது சம்பளமும் பதவிப் பாதுகாப்பும் 1920இல் தோன்றிய இலங்கைத் தோட்ட சேவையாளர் சங்கத்தின் விடயம். அரசாங்கத் தாதியர் தமக்கெனத் தனிச் சங்கங்களை அமைத்தனர். தொழிலாளரோ 1931இல் கோ. நடேசய்யர் அமைத்த சம்மேளனத்திலும், 1940இல் உருவான இலங்கை இந்தியர் காங்கிரசின் தொழிற்சங்கத்திலும் திரண்டனர். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானமை யாவரும் அறிந்ததே. சங்கம் வைக்கும் உரிமைக்கே உயிர்கொடுக்க வேண்டியிருந்தபோது, நோயாளருக்கு எத்தனை தாதியர் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டதைக் குற்றமெனக் கூறல் நியாயமாகாது. எனினும் நோயாளியின் படுக்கை இம்மூவகைச் சங்கங்களுக்கும் இடையே தனித்துக் கிடந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஈண்டுக் குடியுரிமைப் பிரச்சினையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இதன் விளைவு வாக்குரிமையோடு நின்றுவிடவில்லை. நாடற்ற ஒருத்தி அரசாங்கத் தாதியாகவும் இயலாது. தோட்டத்துக்குத் தாதியர் தேவை; தோட்டத்துப் பெண் தாதியாதல் தடை. லயனின் மொழியும் வாழ்வும் அறிந்த தாதியர் தலைமுறையொன்று உருவாகாமற் போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்தில் தோட்டச் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியினும் இருமடங்குக்கு மேலாகியது.

பிறநாட்டுத் தாதியர் சங்கங்கள் வேறு வழி சென்றன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தாதியர் 2000ஆம் ஆண்டில் தாதி–நோயாளர் விகிதத்தையே கோரிக்கையாக்கி வென்றனர். கலிபோர்னியாவில் 1999இல் நிறைவேறிய சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஊதியக் கோரிக்கைக்கு முதலாளி மட்டுமே செவிசாய்க்க வேண்டும்; விகிதக் கோரிக்கைக்கு நோயாளியும் துணை நிற்பான். இந்நுட்பத்தை அச்சங்கங்கள் உணர்ந்திருந்தன.

மலையகத்தில், 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளுட் சில பின்னர் அரசின் சுகாதார சேவையோடு இணைக்கப்பட்டன. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலையும் நீங்கியது. அப்போது மற்றொரு வாயில் அடைபட்டிருந்தது: அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவுத் தகைமை வேண்டப்பட்டது, அப்பிரிவைக் கொண்ட தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளோ மிகச் சிலவாகவே இருந்தன.