இரு சட்டங்களுக்கு நடுவே ஒரு சுத்திகரிப்பு ஆலை

முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்வதற்கில்லை. சென்னையின் எரிபொருள் தேவையில் கணிசமான பங்கை நிறைவு செய்யும் மணலி சுத்திகரிப்பு ஆலையின் பங்குதாரர்களில், இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது ஈரான் அரசைச் சார்ந்த நாஃப்டிரான் இன்டர்டிரேட் நிறுவனம். அதன் பங்கு 15.40 விழுக்காடு. 2010 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த நிறுவனத்தின் மீது தடை விதித்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் தடைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இந்தியச் சட்டத்தின் பார்வையில் அது முறையாகப் பங்கு வைத்திருக்கும் ஒரு முதலீட்டாளர், அவ்வளவே.

இந்த உறவு பழையது. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கப்பட்டபோது இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனத்துக்கும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் தலா 13 விழுக்காடும் பங்கு இருந்தன. அமெரிக்கரும் ஈரானியரும் ஒரே இயக்குநர் குழுவில் அமர்ந்து மணலியின் கணக்கைப் பார்த்த காலம் அது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சி அந்த உலகத்தைக் கலைத்துப்போட்டது. 1985-இல் அமோகோ வெளியேறியது. ஈரானின் பங்கு மட்டும் தங்கிவிட்டது. வரலாறு மாறினாலும் பங்குப் பதிவேடு அதனுடன் சேர்ந்து மாறிவிடுவதில்லை.

ஒரு நாட்டின் தடைச் சட்டம் அந்நாட்டின் எல்லைக்குள் செல்லுபடியாவதில் வியப்பில்லை. சிக்கல் எழுவது, எல்லைக்கு வெளியே இருப்பவரையும் அது கட்டிப்போடும்போதுதான். அமெரிக்கா இதை இரண்டு வழிகளில் செய்கிறது. உலக வணிகத்தின் பெரும்பகுதி டாலரில் நடக்கிறது. டாலர் பரிமாற்றம் நியூயார்க் வங்கிகளின் வழியே செல்கிறது. எனவே பரிமாற்றம் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடுகிறது என்பது முதல் வழி. பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணப் பரிமாற்றங்களுக்காக 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 890 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது இதனால்தான். இரண்டாவது, டாலரே தொடாத வணிகமாயினும், 'அவர்களுடன் வணிகம் செய்தால் எங்கள் சந்தையில் உனக்கு இடமில்லை' என்று மூன்றாம் நாட்டவருக்கு விடுக்கும் எச்சரிக்கை.

இதற்கு எதிராக மற்ற நாடுகளும் சட்டம் இயற்றாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் கொண்டுவந்த தடுப்புச் சட்டம், கியூபா, ஈரான் மீதான சில அமெரிக்கத் தடைகளுக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் பணியக்கூடாது என்கிறது. ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியதைத் தொடர்ந்து 2018 ஆகஸ்டில் அதன் வரம்பு விரிவாக்கப்பட்டது. கனடாவிலும் இதே போன்ற ஆணை உண்டு. 1997-இல் வால்மார்ட்டின் கனடா கடைகளில் கியூபாவில் தைக்கப்பட்ட இரவு உடைகள் விற்பனைக்கு இருந்தன. விற்றால் அமெரிக்கச் சட்ட மீறல். விற்காவிட்டால் கனடா ஆணையின் மீறல். முதலில் உடைகளை அகற்றினார்கள், சில நாள்களில் மீண்டும் அடுக்கினார்கள். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. 2021-இல் சீனாவும் தனக்கென அயல்நாட்டுத் தடை எதிர்ப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது.

இவற்றால் பயன் விளைந்ததா? டாய்ச் டெலிகாம் வழக்கைப் பார்க்கலாம். ஈரானின் மெல்லி வங்கியினுடைய ஹாம்பர்க் கிளைக்கான தொலைபேசி, இணைய இணைப்புகளை 2018-இல் அந்நிறுவனம் துண்டிக்க முற்பட்டது. அப்போது அந்தக் குழுமத்தின் வருவாயில் பாதியளவு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 டிசம்பர் 21-இல் அளித்த தீர்ப்பு நடுவழியைத் தேடியது. காரணம் கூறாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால், அமெரிக்கத் தடைக்கு அஞ்சியே முறித்ததாக முகாந்திரம் தெரிந்தால், அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதேவேளையில், அந்நிறுவனத்துக்கு நேரக்கூடிய பெரும் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. சட்டம் வாழ்ந்தது, வங்கிகளின் அச்சமும் குறையவில்லை. ஈரானுடன் டாலரின்றி வணிகம் செய்யப் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவை 2019-இல் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் அமைப்பு, ஒரே ஒரு மருத்துவப் பொருள் பரிமாற்றத்தோடு நின்று, 2023-இல் கலைக்கப்பட்டது.

இந்தியாவின் நிலைப்பாடு எளிமையானது: ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகளை ஏற்கிறோம், ஒருதலைப்பட்சத் தடைகளை ஏற்பதில்லை. முன்னதற்கு 1947-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பின்னதை மறுப்பதற்குச் சட்டம் ஏதுமில்லை, அறிக்கைதான் இருக்கிறது. நடைமுறையோ வேறு. 2010 டிசம்பரில் ஆசிய தீர்வு ஒன்றியம் வழியாக ஈரானுக்குப் பணம் செலுத்துவதை ரிசர்வ் வங்கியே நிறுத்தியது. பின்னர் ஹாம்பர்க் வங்கி, அது அடைபட்டதும் துருக்கி வங்கி எனச் சுற்றி, 2012 முதல் எண்ணெய் விலையில் 45 விழுக்காட்டைக் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தினோம். அந்த வங்கிக்கு அமெரிக்காவில் கிளை இல்லை என்பதே அதன் தகுதியாயிற்று. 2013-இல் மங்களூர் ஆலை சில மாதங்கள் ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியதற்குக் காப்பீட்டுச் சிக்கலே காரணம். இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுகாப்பீட்டுக்கு ஐரோப்பாவை நம்பியிருந்தன. 2019 மே மாதம் அமெரிக்கா விலக்கை நீட்டிக்க மறுத்ததும் கொள்முதல் அடியோடு நின்றது. தில்லியில் எந்தச் சட்டமும் அதைத் தடை செய்யவில்லை.

2025 ஜூலையில் இதன் இன்னொரு முகத்தைக் கண்டோம். குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் திறனுள்ள ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தை ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதில் ரஷியாவின் ராஸ்நெஃப்டுக்கு 49.13 விழுக்காடு பங்கு. தடை செய்யப்பட்டவர் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் தானாகவே தடைக்குள்ளாகும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவிலும் உடைமையின் அளவே முதல் அளவுகோல். 49.13 என்ற எண் தற்செயலாக அமைந்தது என்று கருதுவது கடினம். ஆனால் பெயர் குறிப்பிட்டே தடை வந்தபோது அந்தக் கணக்கு உதவவில்லை. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது; ஊழியர்களின் மின்னஞ்சல் முடங்கியது. தடை ஐரோப்பாவுடையது, சேவை அளிப்பதோ அமெரிக்க நிறுவனம், பெறுவது இந்திய நிறுவனம். அமெரிக்கச் சட்டமோ இந்தியச் சட்டமோ கோராத ஒன்றைச் செய்ததாகக் கூறி நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு விசாரணைக்கு வந்த வேளையில் சேவைகள் திரும்பின. தீர்ப்பு ஏதும் கிடைக்காததால், அடுத்த நிறுவனத்துக்கு வழிகாட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று.

நிறுவனங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ஒப்பந்தத்தில் தடை விதி ஒன்றை எழுதிக்கொள்கின்றன: எந்த நாட்டின் தடை குறுக்கிட்டாலும் விலகிக்கொள்ளலாம் என்று. எதிர்த்தரப்பின் பெயரை மென்பொருளில் இட்டு உலகப் பட்டியல்களுடன் ஒப்பிடுகின்றன. தாம்பரம் மெப்ஸ் வளாகம், ஒரகடம் எனப் பன்னாட்டு நிறுவனங்கள் நிறைந்த நம் பகுதியில் இந்தப் பெயர்ச் சோதனை பலருக்கு அன்றாட அலுவல். இன்னொரு வழி விலகியிருத்தல். அமெரிக்காவின் கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கிருந்தாலும் அந்நாட்டுத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டவரே. சென்னைக்குத் திரும்பிவந்து ஓர் இந்திய நிறுவனத்தில் சேர்ந்த தமிழர், அந்த அட்டையைக் கைவிடாதவரை, ஈரான் தொடர்பான கோப்பில் கையெழுத்திட முடியாது. அவர் அறையை விட்டு வெளியேறிய பிறகு மற்றவர்கள் கூட்டத்தைத் தொடர்வார்கள். கேலிக்கூத்து போலத் தோன்றினாலும், சட்டப்படி இதுவே பாதுகாப்பான ஏற்பாடு.

பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் படை உண்டு. சிறு ஏற்றுமதியாளருக்கு வங்கி மேலாளரின் தயக்கமே சட்டம். எந்தத் தடையும் தீண்டாத உணவுப் பொருளும் மருந்தும்கூட, சேருமிடம் ஈரான் என்பதாலேயே திருப்பியனுப்பப்படும் அளவுக்கு அந்தத் தயக்கம் முற்றியிருக்கிறது.

இந்தியாவும் ஒரு தடுப்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற குரல் நயாராவுக்குப் பின் எழுந்தது. ஐரோப்பாவின் அனுபவத்தைப் பார்த்தால் எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. நம் நிறுவனத்தையே இரு அபராதங்களுக்கு நடுவே நிறுத்துவதாக அது முடியலாம். அதைவிடக் குறுகிய, செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. எரிபொருள், மின்சாரம், மருத்துவமனை போன்ற இன்றியமையாத் துறைகளுக்கு மென்பொருள் சேவை அளிப்பவர், இந்தியச் சட்டம் கோராத காரணத்துக்காக முன்னறிவிப்பின்றிச் சேவையை நிறுத்தக்கூடாது என்று விதி செய்யலாம். அந்தத் தரவின் நகல் வாடிக்கையாளரின் கையில் இருப்பதைக் கட்டாயமாக்கலாம். தடைகளுக்கு உட்படாத பொருளுக்கான பணத்தைக் கையாள ஒரு வங்கியைத் தெளிவாக அறிவித்து, அதற்கு ரிசர்வ் வங்கி துணைநிற்கலாம். யூகோ வங்கி ஏற்பாடு அதற்கு முன்மாதிரியாக இருக்கிறது.

2025 அக்டோபரில் ராஸ்நெஃப்ட் மீது அமெரிக்காவும் நேரடித் தடை விதித்துவிட்டது. வாடினார் ஆலையில் பணிபுரிவோர் மட்டுமன்றி, மணலியின் பங்குப் பதிவேட்டைப் பராமரிப்போரும் கவனிக்க வேண்டிய செய்தி அது.